92 வாரமா, 16 மாதமா? 485 விசா கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவில் படித்து முடித்தவர்கள் தற்காலிகமாகத் தங்கி வேலை பார்க்க எடுப்பது 485 விசா. அதற்கான படிப்புத் தகுதி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பதிவு பெற்ற குடிவரவு முகவராகப் பல வருஷமாக இந்த விண்ணப்பங்களைப் பார்த்து வருகிறேன்.

கேள்வி: அக்கா, சிலர் இரண்டு வருஷப் படிப்பு என்கிறார்கள், சிலர் 16 மாதம் போதும் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சேர்ந்தே வேண்டும் தம்பி. இரண்டு கல்வியாண்டு என்பது கிரிகோஸ் பதிவேட்டில் (வெளிநாட்டு மாணவர்கள் சேரக்கூடிய கோர்ஸ்களின் அரசுப் பதிவேடு) உங்கள் கோர்ஸுக்குப் போட்டிருக்கும் வாரக் கணக்கு. குறைந்தது 92 வாரம் இருக்க வேண்டும். 16 மாதம் என்பது நீங்கள் உண்மையில் படித்த காலம், காலண்டர்படி. 104 வாரக் கோர்ஸை வேகமாகப் படித்து 18 மாதத்தில் முடித்தால் பிரச்சினை இல்லை. 15 மாதத்தில் முடித்தால் தகுதி கிடையாது. பாடம் ஆங்கிலத்தில் நடந்திருக்க வேண்டும், படிக்க அனுமதிக்கும் விசாவோடு ஆஸ்திரேலியாவில் இருந்து படித்திருக்க வேண்டும்.

கேள்வி: ஊரில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். இங்கே இரண்டு வருஷ மாஸ்டர்ஸில் ஒரு செமஸ்டர் கிரெடிட் தருகிறேன், அதாவது முன்பு படித்ததற்காக ஒரு செமஸ்டரைக் கழித்துக்கொள்கிறேன் என்கிறார்கள். ஃபீஸ் மிச்சமாகும். வாங்கிக்கொள்ளலாமா?

485 எடுக்கும் எண்ணம் இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள். வெளிநாட்டில் படித்ததற்குக் கிடைக்கும் கிரெடிட் இந்த 92 வாரத்தில் சேராது. 104 வாரத்தில் ஒரு செமஸ்டருக்கு 26 வாரம் கழித்தால் மிச்சம் 78. அவ்வளவுதான், தகுதி போய்விட்டது. கையில் வரும் பட்டம் மற்றவர்களுடையதைப் போலவேதான் இருக்கும், அதனால் கடைசி வரை யாருக்கும் சந்தேகமே வராது. ஒரு செமஸ்டர் ஃபீஸ் பெரிய தொகை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கிரெடிட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு முழுசாகப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். ஒன்றிரண்டு பாடத்துக்கு மட்டும் கிரெடிட் என்றால், கழித்த பிறகும் 92 நிற்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: என்னுடையது ஒன்றரை வருஷ மாஸ்டர்ஸ், 78 வாரம். இரண்டு பாடம் ஃபெயிலாகி மறுபடி எழுதியதில் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது கணக்கு சரியாகிவிடுமா?

இல்லைம்மா. பதிவான வாரம்தான் கணக்கு. திரும்பப் படித்த பாடம் ஒரு தடவைதான் எண்ணப்படும்.

கேள்வி: அப்படியானால் இன்னொரு கோர்ஸ் சேர்த்துக்கொள்ளலாமா? ஆங்கில வகுப்பு 20 வாரம் படித்திருக்கிறேன்.

ஆங்கில வகுப்பு சேராது. ஆனால் கிரிகோஸில் பதிவான வேறு பட்டமோ டிப்ளமோவோ சேரும். ஒரு வருஷ கிராஜுவேட் டிப்ளமோ, பிறகு ஒரு வருஷ மாஸ்டர்ஸ் என்று 46 வாரமாக இரண்டு முடித்து 92-ஐ எட்டியவர்கள் உண்டு. இரண்டுமே முழுசாக முடிந்திருக்க வேண்டும். பாதியில் விட்டது எதற்கும் உதவாது.

கேள்வி: எனக்கு 36 வயது, கோர்ஸ்வொர்க் மாஸ்டர்ஸ் (ஆராய்ச்சி அல்ல, வகுப்புப் பாடமாகப் படித்தது). ஹாங்காங் பாஸ்போர்ட் இல்லை.

2024 ஜூலை 1 முதல் விண்ணப்பிக்கும் நாளில் 35 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆராய்ச்சி மாஸ்டர்ஸ், பிஎச்.டி. முடித்தவர்களுக்கும் ஹாங்காங் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும்தான் 50 வரை விலக்கு. உங்களுக்கு இந்த வழி இல்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை மறைத்துப் பேசி உங்கள் விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்க மாட்டேன்.

கேள்வி: ஜூலை 4-ல் படிப்பு முடிந்தது என்று மெயில் வந்தது. பட்டமளிப்பு விழா பிப்ரவரியில். மாணவர் விசா செப்டம்பர் 15 வரை இருக்கிறது. சர்டிஃபிகேட் வந்த பிறகு போடலாமா?

கூடாது. படிப்பில் தேர்ச்சி முழுமையானது என்று கல்வி நிறுவனம் முதலில் தெரிவித்த நாள்தான் முடித்த நாள். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். ஒரு பையன் அங்கி போட்ட போட்டோவையும் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தான். அவன் மெயிலைத் திறந்து பார்த்தோம். "எல்லாத் தேவைகளையும் பூர்த்தி செய்துவிட்டீர்கள்" என்ற கடிதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எதுவும் செய்ய முடியவில்லை.

உங்களுக்கு ஆறு மாதக் கணக்கு ஜனவரி தொடக்கம் வரை போகும். ஆனால் கையிலிருக்கும் விசா செப்டம்பர் 15-லேயே முடிகிறது, அதனால் அதையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் வேண்டாம், கம்ப்ளீஷன் லெட்டரும் மார்க் பட்டியலும் போதும். ஆங்கிலத் தேர்வு ஐ.ஈ.எல்.டி.எஸ். என்றால் மொத்தம் 6.5, ஒவ்வொரு பகுதியிலும் 5.5-க்குக் குறையாமல் வேண்டும், தேர்வு எழுதி ஒரு வருஷத்துக்குள் இருக்க வேண்டும். பழையது காலாவதியாகியிருந்தால் இன்றே தேதி எடுங்கள். ஏ.எஃப்.பி. (ஆஸ்திரேலிய மத்திய போலீஸ்) தரும் போலீஸ் சான்றுக்கு விண்ணப்பித்த ரசீதும் மருத்துவக் காப்பீட்டுச் சான்றும் விண்ணப்பத்தோடே போக வேண்டும், பிறகு தரலாம் என்று விடாதீர்கள். முதலில் அந்த ஜூலை 4 மெயிலைத் தேதியோடு பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள், படிப்பு முடிந்ததும் கல்லூரி மெயில் கணக்கை மூடிவிடும் இடங்கள் உண்டு.