ஆரோக்கியத்துக்கு எட்டு

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 41 வயது. அலுவலகம், வீடு, பிள்ளைகள் என்று ஒரே ஓட்டம். கொஞ்சம் நிதானம் வரட்டும் என்று ஒரு லைஃப் கோச்சிடம் (வாழ்க்கையில் அடுத்து என்ன என்று தெளிவுபெறக் கட்டணம் வாங்கி உதவுபவர்) சேர்ந்தேன். சில மாதங்களாகப் பணம் கரைந்ததுதான் மிச்சம். என்ன செய்யட்டும் என்று கேட்டால், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். அது தெரியாமல்தானே அவரிடம் போனேன்? வீட்டுப்பாடம் வேறு. ஒரு வட்டத்தை எட்டாகப் பிரித்து வேலை, குடும்பம், பணம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். வேலைக்கு 4, குடும்பத்துக்கு 5, ஆரோக்கியத்துக்கு 8 போட்டேன் (விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, பாட்டு கேட்கக்கூடத் தோன்றுவதில்லை, அது கிடக்கட்டும்). "இதற்கெல்லாமா காசு?" என்று கணவர் கிண்டல் செய்கிறார். இதே கோச்சிடம் போன என் தோழி நல்ல வேலைக்கு மாறிவிட்டாள். எனக்கு மட்டும் ஏன் எதுவும் நடக்கவில்லை? கேள்வி கேட்க எதற்கு இவ்வளவு கட்டணம்? கோச்சை மாற்றட்டுமா, விட்டுவிடட்டுமா?

*

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டணம், கிண்டல், தோழியின் வேலை எல்லாம் இருக்கட்டும். அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மூன்று மணிக்கு விழித்துக் கிடக்கிறவர் ஆரோக்கியத்துக்கு எட்டு போடுவாரா? அந்த எட்டை நம்பித்தான் உங்கள் கோச் இலக்கு, நேரம் என்று பேசிக்கொண்டிருக்கிறார். இதில் நான் அவர் பக்கம்தான். முடிவை உங்கள் வாயாலேயே வரவழைப்பதற்காகக் கேள்வி கேட்பதுதான் அவர் தொழில். பதிலில் பாதியை நீங்களே வைத்துக்கொண்டால் அவர் என்ன செய்வார்?

நேரத்துக்கு முன்பே விழிப்பு வருவது, பிடித்தது பிடிக்காமல் போவது இரண்டுமே மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டேன். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ஆளே சோர்ந்து போவதுண்டு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். காய்ச்சலில் கிடப்பவருக்கு ஓட வரவில்லை என்றால் யாராவது அவரைச் சோம்பேறி என்பார்களா? நீங்கள் உங்களை அப்படித்தான் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள், தோழியைக் காட்டி.

கோச்சிங் சிகிச்சை இல்லை. பெரும்பாலான நாடுகளில் கோச் என்று சொல்லிக்கொள்ள உரிமம்கூடத் தேவையில்லை. உடம்பும் மனமும் ஓரளவு தெம்பாக இருந்து, எந்தப் பக்கம் போவது என்று திகைப்பவருக்கு அது நன்றாகவே உதவும். தோழிக்கு உதவியதும் அப்படித்தான் இருக்கும். இது தன் எல்லைக்கு வெளியே என்று தெரிந்தால் நல்ல கோச் தானே மருத்துவரிடம் அனுப்பிவிடுவார். அதற்கு அவருக்கு விஷயம் தெரிய வேண்டும் இல்லையா?

இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். தூக்கத்தைப் பற்றிக் கணவரிடமும் சொல்லுங்கள். கிண்டல் செய்கிறவருக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கோச்சை மாற்றுவதா விடுவதா என்பதை, தூக்கம் சரியான பிறகு யோசிக்கலாம்.