இருவராகச் செல்லும் பெட்டி தேடும் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பொங்கல் கழிந்ததும் நானும் என் கணவரும் பத்து நாள் பயணமாகக் காரில் செஞ்சி, திருச்சி வழியாகக் கன்னியாகுமரி வரை செல்ல இருக்கிறோம். அவருக்கு ஜியோகேச்சிங் மீது மிகுந்த ஈடுபாடு. யாரோ மறைத்து வைத்த பெட்டியை ஜி.பி.எஸ். உதவியுடன் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடும் விளையாட்டு அது. எனக்கும் ஆர்வம் உண்டு. ஆனால் பயணம் முழுவதும் அவர் செல்போனும் கையுமாகவே இருந்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஒரு நாளில் எத்தனை பெட்டிகளைத் தேடுவது, ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் தேடிவிட்டுக் கிளம்புவது என்ற இரண்டையும் புறப்படுவதற்கு முன்பே இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிடுங்கள். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் என்பது என் பரிந்துரை. நம் ஊரில் பெட்டிகள் நெருக்கமாக இல்லாததால், ஒரே ஒரு பெட்டிக்காக நெடுஞ்சாலையை விட்டு வெகுதூரம் விலகிச் செல்லும் ஆசை எழும். அப்படி விலகும் முடிவு இருவருக்கும் சம்மதமானால் மட்டுமே எடுக்கப்பட வேண்டும்.

அடுத்தது, வேலைப் பங்கீடு. செல்போன் அவர் கையில் இருக்கட்டும். கடைசிப் பத்து மீட்டருக்குள் பெட்டியைத் தேடும் வேலை உங்களுடையதாக இருக்கட்டும். காரணம், ஜி.பி.எஸ். அங்கே துல்லியமாக வழிகாட்டாது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜி.பி.எஸ். அலைகளில் தான் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அதன் பிறகே நூறு மீட்டர் வரை இருந்த தடுமாற்றம் சில மீட்டர்களாகக் குறைந்தது. அடுத்த சில நாட்களிலேயே டேவ் உல்மர் என்பவர் ஒரிகான் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தார். அந்தச் சில மீட்டர் பிழை இன்றும் இருக்கிறது. வண்ணாரப்பேட்டைச் சந்துகளைப் போல உயர்ந்த சுவர்களுக்கு நடுவே நின்றால், அலைகள் சுவர்களில் பட்டுத் திரும்புவதால், செல்போனில் பெட்டி இருக்கும் திசையைக் காட்டும் ஜியோகேச்சிங் செயலியின் அம்புக்குறி இங்கும் அங்குமாகத் தாவும். ஆகவே இலக்கை நெருங்கியதும் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மறைத்தவர் எந்த இடத்தைத் தேர்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இயல்புக்கு மாறாக அடுக்கப்பட்ட கற்களோ, தேவையில்லாத இடத்தில் நிற்கும் ஒரு குழாயோ கண்ணில் படலாம். இதற்குக் கருவி அறிவு தேவையில்லை. கூர்ந்த பார்வையும் பொறுமையும் போதும். அதனால் இந்தப் பங்கை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பயணம் உங்களுடையதாகவும் ஆகிவிடும்.

வீட்டில் இருக்கும்போதே வழியிலுள்ள பெட்டிகளின் விவரங்களையும் வரைபடத்தையும் இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்பு தேடியவர்கள் எழுதிய பதிவுகளை அவசியம் படியுங்கள். கடைசியாகச் சென்ற சிலரும் தொடர்ந்து ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால், அந்தப் பெட்டி பெரும்பாலும் அங்கே இருக்காது. மழைக்காலம் முடிந்த கையோடு செல்வதால் சில குறிப்பேடுகள் நனைந்திருக்கக்கூடும். பேனாவுடன் சில உலர்ந்த தாள்களும் எடுத்துச் செல்லுங்கள். பாறை இடுக்கிலும் மரப் பொந்திலும் கையை விடாதீர்கள். முதலில் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள்.

பெட்டியே இல்லாமல், ஓர் இடத்தின் நிலவியலைக் கவனித்துக் கேள்விக்கு விடை அனுப்பும் ‘எர்த்கேச்’ என்ற வகையும் உண்டு. அந்த வகையில் ஏதேனும் வழியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும், செஞ்சிக்குச் செல்லும் வழியில் சற்று விலகி, திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு நேரம் ஒதுக்குங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் ஆண்டு வளையங்களும் கணுக்களும் தெரியக் கல்லாகிக் கிடப்பதை அருகருகே நின்று பார்க்கும் மகிழ்ச்சி, எத்தனை பெட்டிகளைக் கண்டெடுத்தாலும் கிடைக்காது.

கேள்வி: எனக்கு வயது 67. மனைவிக்கு முழங்கால் வலி. நாங்கள் இதில் ஈடுபட முடியுமா?
– வாசகர், இராயபுரம்

பதில்: தாராளமாக ஈடுபடலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என இரண்டு மதிப்பீடுகள் 1 முதல் 5 வரை தரப்பட்டிருக்கும். நிலத்துக்கு 1 என்றால் சக்கர நாற்காலியிலும் அணுகலாம் என்று பொருள். செயலியில் நிலம் 1, 1.5 ஆகியவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டிவிடுங்கள். தேடும் கடினம் எவ்வளவு இருந்தாலும் கவலை வேண்டாம். அது மூளைக்கான வேலை.

கேள்வி: பயணம் செல்லும் வழியில் நானும் என் தோழியும் சொந்தமாகப் பெட்டிகளை வைத்துவிட்டு வரலாமா?
– வாசகி, எண்ணூர்

பதில்: வேண்டாம். பெட்டி வைத்தவரே அதைப் பராமரிக்க வேண்டும் என்பதால், திரும்பப் போக முடியாத ஊரில் வைக்கும் பெட்டிக்குப் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை. உங்கள் வீட்டுக்கு அருகிலேயே வையுங்கள். நிலத்தின் உரிமையாளரிடம் ஒப்புதல் பெறுங்கள். மற்றொரு பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளியிருக்கட்டும். துறைமுகச் சுவர், ரயில் பாதை, அனல்மின் நிலையம் ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். அங்கே குனிந்து தேடுபவரைக் காவலர் சந்தேகிப்பது இயல்பு. கடலோரக் கற்குவியல் மறைவிடமாகத் தோன்றினாலும், சென்னைத் துறைமுகம் அமைந்த நாளிலிருந்து அதற்கு வடக்கே கடல் அரித்துக்கொண்டே வருவதால், அலை மோதும் அந்தக் கற்களுக்கிடையில் பெட்டி நிலைக்காது. தேடி வருபவருக்கும் ஆபத்து. நீர் புகாத மூடியுள்ள பெட்டியைத் தேர்ந்து, இது என்ன என்பதை வெளிப்புறத்தில் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். தின்பண்டம் எதையும் உள்ளே வைக்காதீர்கள். எறும்பும் எலியும் தேடி வந்துவிடும்.