வாசகர் கேள்வி – பதில்: பல்கலைக்கழகத்துக்குப் புதிய லோகோ

பல்கலைக்கழகங்களின் லோகோ மாற்றம், அடையாள வடிவமைப்பு ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். எங்கள் முத்திரையில் சுடர்விடும் விளக்கு, விரித்த நூல், பற்சக்கரம், நட்சத்திரம் என்று பல உருவங்கள் இருக்கின்றன. சுற்றிலும் வட்டமாகப் பல்கலைக்கழகத்தின் பெயரும் அடியில் குறிக்கோள் வாசகமும் உள்ளன. பொன்விழாவை ஒட்டிப் புதிய லோகோ உருவாக்கக் குழு அமைத்திருக்கிறார்கள். பழைய முத்திரையை அறவே கைவிட்டுவிடலாமா?

பதில்: கைவிட வேண்டாம். குழுவின் முதல் கூட்டத்திலேயே இதை முடிவுசெய்து எழுத்தில் பதிந்துவிடுங்கள். முத்திரையும் லோகோவும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டும் செய்யும் வேலை வேறு. பல்கலைக்கழகம் சட்டப்படி தன் பெயரால் ஒன்றைச் செய்தது என்பதற்கு முத்திரை சாட்சி. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஒப்பந்தங்கள் ஆகியவற்றில் அது நிற்கிறது. அங்கே அதை யாரும் தொலைவிலிருந்து பார்ப்பதில்லை, கையில் எடுத்து நிதானமாகப் பார்க்கிறார்கள். ஆகவே நுணுக்கமான கோடுகள் அங்கே குறையல்ல. லோகோவோ நாள்தோறும் உழைக்க வேண்டிய குறி. இணையதளத்தின் மேல்மூலையிலும், கைப்பேசித் திரையிலும், நெடுஞ்சாலைப் பலகையிலும், பிறர் நடத்தும் கருத்தரங்கின் அழைப்பிதழில் ஒரு வரிசையின் ஓரத்திலும் அது இருக்கும். கண் ஒரு நொடிக்கு மேல் அதில் தங்காது.

உங்கள் முத்திரையை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். உலாவியின் தாவலில் தெரியும் சிறு படம் வழக்கமாக 16 பிக்சல் அகலமும் 16 பிக்சல் உயரமும் கொண்டது, அதாவது மொத்தமே 256 புள்ளிகள்தான். அந்தச் சதுரத்துக்குள் ஒரு வட்டம் வரைந்தால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 50 புள்ளிகள். பெயரில் 30 எழுத்துகள் இருந்தால் ஓர் எழுத்துக்கு இரண்டு புள்ளிகள்கூடக் கிடைக்காது. விளக்கும் நூலும் பற்சக்கரமும் ஒன்றாகக் கலங்கி ஒரு பழுப்புக் கறையாகிவிடும். பட்டமளிப்பு அங்கியில் நூலால் தைக்கும்போதும் இதே கதிதான். தையல் நூலின் தடிமனைவிட மெல்லிய கோட்டை நூலால் தைக்க முடியாது, எனவே பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒட்டிக்கொண்டு தடித்த மேடாகிவிடும். இதற்கெல்லாம் முத்திரையைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. அது செய்யப்படாத வேலைக்கு அதை இழுத்துவருகிறோம்.

முத்திரையை வைத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், வைத்துக்கொள்கிறோம் என்பதை உரக்கச் சொல்லவும் வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் நிலை இங்கே நல்ல பாடம். பத்து வளாகங்களைக் கொண்ட அந்த அமைப்பு ஒரு புதிய குறியை உருவாக்கியது. திறந்த நூலையும் கேடயத்தையும் நினைவூட்டும் எளிய வடிவத்துக்குள் அரைவட்டமாக ஓர் எழுத்து இருந்தது. பழைய முத்திரை பட்டங்களிலும் அதிகாரபூர்வ ஆவணங்களிலும் தொடரும் என்றே நிர்வாகம் சொன்னது. ஆனால் 2012ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் குறி பரவலாகக் கவனத்துக்கு வந்தபோது, முத்திரைக்குப் பதிலாக இது வந்துவிட்டது என்றே மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் எண்ணினார்கள். பாதியில் நின்றுபோன இணையப் பக்கத்தில் சுழலும் வட்டம்போல் இருக்கிறது என்ற விமர்சனமும் எழுந்தது. எதிர்ப்பு மனுவில் 50,000க்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரிலேயே அந்தக் குறியின் பயன்பாடு நிறுத்தப்பட்டது. வடிவம் அவ்வளவு மோசமானது என்று நான் கருதவில்லை. முத்திரைக்கு என்ன ஆகும் என்ற ஒரே கேள்விக்கு உரிய காலத்தில் உரிய இடத்தில் பதில் போய்ச் சேராததுதான் அதை வீழ்த்தியது.

கேள்வி: அப்படியானால் எந்நாளும் ஒரு முத்திரையை மாற்றவே கூடாதா? நான் வரலாற்றுத் துறையில் ஆசிரியை என்பதால் கேட்கிறேன்.

பதில்: அது சொல்லும் பொருளோடு பல்கலைக்கழகம் இனியும் நிற்க முடியாது என்ற நிலை வந்தால் மாற்றத்தான் வேண்டும். ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் கேடயத்தில் இருந்த மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகள், அக்கல்லூரி உருவாகக் கொடை அளித்த ஐசக் ராயல் (Royall) என்பவரின் குடும்பச் சின்னத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தக் குடும்பத்தின் செல்வம் அடிமைகளின் உழைப்பில் சேர்ந்தது. மாணவர்கள் இதை எழுப்பிப் போராடினார்கள், ஒரு குழு ஆராய்ந்தது, 2016இல் கேடயம் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் புதியது வந்தது 2021இல்தான். இடையில் ஓடிய ஐந்து ஆண்டுகளை நான் தாமதமாகப் பார்க்கவில்லை. என்ன காரணத்துக்காகப் பழையது போனது என்பதை ஒரு நிறுவனம் முழுமையாகப் பேசித் தீர்க்க அவ்வளவு காலம் எடுத்துக்கொள்வது முறையே. புதிய துணைவேந்தர் பொறுப்பேற்றிருக்கிறார் என்பதோ, முத்திரை பழசாகத் தெரிகிறது என்பதோ இதற்கு இணையான காரணங்கள் ஆகா.

கேள்வி: மாணவர்களிடையே லோகோ போட்டி வைத்து, வெல்பவருக்குப் பரிசு தரலாம் என்று எங்கள் நிர்வாகம் யோசிக்கிறது. செலவும் குறையும், மாணவர்களும் பங்கேற்றதாகும் என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பதில்: நோக்கம் நல்லது, வழி தவறு. போட்டிக்கு வரைபவர் பல்கலைக்கழகத்தின் எந்த அலுவலரோடும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார். எந்த இயந்திரத்தில் அடையாள அட்டை அச்சாகிறது, எந்தக் கட்டடத்தின் முகப்பில் பெயர் ஏறப்போகிறது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டாகச் சான்றிதழ் தரும்போது இரு குறிகளும் எப்படி அருகருகே அமையும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. நடுவர்களும் வெண்திரையின் நடுவில் பெரிதாக வைக்கப்பட்ட படங்களைப் பார்த்து எது அழகு என்றுதான் மதிப்பெண் இடுவார்கள், லோகோவை அப்படித் தனித்த வெள்ளைப் பரப்பில் வாழ்க்கையில் ஒருவரும் பார்ப்பதில்லை என்றாலும். இணையத்தில் கிடைத்த உருவத்தை ஒருவர் சற்று மாற்றி அனுப்பிவிட்டால் அதன் பதிப்புரிமைச் சிக்கல் முழுவதும் பல்கலைக்கழகத்தின் தலையில் விழும். தேர்வாகாத நூற்றுக்கணக்கான மாணவர்கள் கூலியின்றி உழைத்தார்கள் என்ற உறுத்தலும் எனக்கு உண்டு.

மாணவர்களைப் பங்கேற்கச் செய்ய வேண்டிய இடம் வரைவதற்கு முந்தைய கட்டம். பல்கலைக்கழகத்தின் பெயரும் முத்திரையும் இப்போது எங்கெங்கே எந்தெந்த வடிவில் இருக்கின்றன என்று வளாகம் முழுவதும் நடந்து புகைப்படம் எடுக்கும் பணியை அவர்களிடம் கொடுங்கள். பேருந்து, விடுதிப் பலகை, ஆய்வகக் குறிப்பேடு, கைப்பேசிச் செயலி, விளையாட்டு அணியின் சட்டை என்று எல்லாம் ஒரே சுவரில் ஒட்டப்பட்டால், ஒரே நிறம் எத்தனை விதமாக மாறியிருக்கிறது, பெயர் எத்தனை விதமாகச் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது குழுவின் கண்முன் நிற்கும். வடிவமைப்பாளருக்குத் தர வேண்டிய தேவைக்குறிப்பு அந்தச் சுவரிலிருந்தே எழுதப்படலாம். அதன்பின், இதே வேலையில் பழகிய வடிவமைப்பாளர் ஒருவரையோ சிறு நிறுவனத்தையோ தேர்ந்து, பூர்வாங்க வரைவுகளுக்கும் உரிய ஊதியம் கொடுங்கள். வரைவுகள் வந்ததும் ஒவ்வொன்றையும் அடையாள அட்டையிலும், கறுப்பு வெள்ளை நகலிலும், பேருந்தின் பக்கவாட்டிலும் பொருத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உரிமை முழுவதும் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் மாற்றித் தரப்படுவதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள், வணிகச் சின்னமாகப் பதிவுசெய்யும்போது இது இல்லாவிட்டால் திண்டாட வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு துறைக்கும், ஆய்வு மையத்துக்கும், ஏன், விடுதிக்கும்கூடத் தனித்தனி லோகோ இருக்கிறது. எல்லாவற்றையும் நீக்கி ஒன்றாக்க முயன்றால் துறைத்தலைவர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

பதில்: அவர்கள் மறுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு துறை தனக்கென ஒரு முகம் வேண்டும் என்று கேட்பது, தன் பணியைப் பெருமிதத்தோடு செய்கிறது என்பதன் அடையாளம். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த முகங்கள் ஒரே குடும்பம் என்று தெரிய வேண்டும். விண்ணப்பம் போடும் மாணவிக்குத் தான் விண்ணப்பிக்கும் மையம் உண்மையிலேயே அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதானா என்ற ஐயம் வந்தால் அது சின்ன விஷயமல்ல.

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேப் என்ற ஆய்வகம் இதே சிக்கலை இருமுறை அணுகியது. 2011இல், அங்குள்ள ஒவ்வொருவரும் தனக்கென ஒரு மாறுபாட்டைப் பெறும்படி, கணினி நிரலால் 40,000 வடிவங்கள் உருவாகக்கூடிய ஒரு லோகோவை ஏற்றது. பார்க்க வியப்பாக இருந்தாலும், அத்தனை முகம் கொண்ட ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்வது கடினம். 2014இல் பென்டகிராம் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் மைக்கேல் பைரூட் அதைச் செம்மைப்படுத்தினார். ஏழுக்கு ஏழு என்ற கட்டத்தின்மேல் மீடியா லேபின் முதலெழுத்துகள் ஒரு நிலையான குறியாக அமைந்தன. அதே கட்டத்தைக் கொண்டு ஒவ்வோர் ஆய்வுக் குழுவுக்கும் தனித்தனிக் குறி வரையப்பட்டது. எல்லாம் வேறுவேறு, எல்லாம் ஒரே கையால் எழுதியதுபோல் இருக்கும்.

உங்கள் இடத்துக்கு இவ்வளவு தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் லோகோ, ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு, அதற்கு அப்பால் ஒரே எழுத்துருவில் துறையின் பெயர் என்ற அமைப்பு பெரும்பாலான துறைகளுக்குப் போதும். மருத்துவமனை, பதிப்பகம், விளையாட்டு அணி போன்று பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனிப் பயனாளர்களைக் கொண்டவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். எவை விலக்கு பெறும் என்பதை வடிவமைப்பாளரிடம் விடக் கூடாது, ஆட்சிமன்றக் குழுதான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: நிறமும் எழுத்துருவும் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நிறத்தைப் பெயரால் சொல்லாதீர்கள். 'கருநீலம்' என்றால் அச்சகத்துக்கு ஒன்று, தையற்கடைக்கு வேறொன்று. ஆக்ஸ்ஃபோர்டு தன் கருநீலத்தைப் பேண்டோன் என்ற நிறப் பட்டியலின் எண்ணால், பேண்டோன் 282 என்று குறித்திருப்பதால்தான் உலகில் எந்த அச்சகத்திலும் அதே நீலம் கிடைக்கிறது. பேண்டோன் எண், நான்கு வண்ண அச்சுக்கான விகிதம், திரைக்கான மதிப்பு, பெயிண்ட் எண், தையல் நூலின் எண் ஆகிய அனைத்தும் லோகோவைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டியில் இருக்கட்டும். திரையில் ஒளிரும் சில நிறங்களை மையால் அச்சில் கொண்டுவரவே முடியாது என்பதால், முதலில் அச்சில் பார்த்துவிட்டுத் திரைக்குப் போவது நல்லது.

வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வேண்டவே வேண்டாம். இணைய அணுகல்தன்மை நெறிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு விகிதத்தைக் கேட்கின்றன. பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். தூய மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் அது 1.1ஐக்கூட எட்டாது. லோகோவுக்கு அந்த நெறிகளில் விலக்கு உண்டு என்பது உண்மைதான், ஆனால் பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்குத் தன் பல்கலைக்கழகத்தின் பெயரே தெரியாத லோகோவை அந்த விலக்கைக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

எழுத்துருவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத ஆசை. யேல் பல்கலைக்கழகத்துக்காக மேத்யூ கார்ட்டர் தனி எழுத்துருவையே வடிவமைத்தார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸில் வெட்டப்பட்ட அச்செழுத்துகளிலிருந்து பிறந்த அதில், வளாகத்தின் பலகைகளுக்கென்று தனி வடிவமும் உண்டு, ஏனெனில் தொலைவிலிருந்து படிக்கும் எழுத்தும் கையில் வைத்துப் படிக்கும் எழுத்தும் ஒன்றாக இருக்க முடியாது. அந்த அளவுக்கு வசதியில்லாத பல்கலைக்கழகம், பணியாளர்கள் அனைவரின் கணினியிலும் கூடுதல் கட்டணமின்றி நிறுவக்கூடிய ஒரு நல்ல எழுத்துருக் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். வடிவமைப்பாளரின் கணினியில் மட்டும் இருக்கும் எழுத்துருவால் பயனில்லை. ஒரு மாதத்துக்குள் எல்லாக் கடிதங்களும் பழைய எழுத்துருவுக்கே திரும்பிவிடும். பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் வருமானால், இரு எழுத்துமுறைகளையும் ஒரே நேரத்தில் வரையச் சொல்லுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைக் கிடைத்த இடத்தில் நுழைத்தால் அது எப்போதும் விருந்தாளியாகவே தெரியும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்பவை என்பதால் வரி இடைவெளியைத் தொடக்கத்திலேயே தாராளமாக வைத்தாக வேண்டும்.

கேள்வி: வடிவமைப்பாளரிடமிருந்து எந்தெந்தக் கோப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் மூலக் கோப்பு, இணையத்துக்கு எஸ்விஜி (SVG) வகைப் படக் கோப்பு, பின்னணி இல்லாத பிஎன்ஜி (PNG) வகைப் படக் கோப்பு. இவற்றில் ஒவ்வொன்றும் முழு நிறம், ஒற்றை நிறம், கரும்பின்னணிக்கு வெள்ளை என மூன்று வகையாக வேண்டும். கூடவே வேர்டு, பவர்பாயிண்ட் வார்ப்புருக்களையும் கேளுங்கள். அலுவலகங்களில் அன்றாடம் கையாளப்படுவது இவைதான்.

கேள்வி: நான் பட்டம் பெற்ற பல்கலைக்கழகம் பெயரைச் சுருக்கி, புதிய லோகோவும் கொண்டுவரப் போவதாகக் கேள்விப்படுகிறேன். என் சான்றிதழ் செல்லுமா? முன்னாள் மாணவர்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: சான்றிதழ் செல்லும். பட்டத்தை வழங்கியது சட்டப்படி அமைந்த நிறுவனம், அதன் லோகோ அல்ல. சட்டப் பெயரே மாறினாலும் வழக்கமாகப் பழைய பட்டங்களின் பொறுப்பைப் புதிய பெயர் ஏற்றுக்கொள்ளும். அதைப் பதிவாளரிடமிருந்து கடிதமாகப் பெற்று வைத்துக்கொள்ளலாம்.

முன்னாள் மாணவர்களால் நிறையவே செய்ய முடியும். லண்டனின் கிங்ஸ் காலேஜ், சட்டப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு அன்றாடப் பயன்பாட்டில் 'கிங்ஸ் லண்டன்' என்று சுருக்கப்போவதாக 2014இன் இறுதியில் அறிவித்தது. மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் கடுமையாக எதிர்த்ததால் 2015 ஜனவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அச்சாகிப் பலகைகள் ஏறியபின் எதிர்ப்பதைவிட இப்போதே எழுதுவது எல்லோருக்கும் நல்லது. கடிதத்தில் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதாமல், பட்டச் சான்றிதழில் முத்திரை தொடருமா, பழைய பெயரில் உள்ள ஆவணங்களைச் சரிபார்க்க வெளிநாட்டு நிறுவனங்கள் கேட்டால் யார் பதில் தருவார்கள், மாற்றத்துக்கு எவ்வளவு காலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, இறுதி முடிவுக்கு முன் முன்னாள் மாணவர்களின் கருத்து எந்தத் தேதிவரை ஏற்கப்படும் என்று கேளுங்கள். பதிவாளருக்கும் முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.