டயர் வழியாக வந்த போர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். என் தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலம் என்று பேச்செடுத்தாலே மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்ததைத்தான் சொல்வார். அமெரிக்காவில் பெரிய தாக்குதல் என்றால் ஹவாயில் மட்டும்தானே? மற்ற ஊர்களில் இருந்த சாதாரணக் குடும்பங்களுக்குப் போர் நடப்பது உறைத்திருக்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உறைத்தது. அதுவும் உங்கள் தாத்தா வெட்டிய பால் நின்றுபோனதால்தான் முதலில் உறைத்தது.

அன்று அமெரிக்கா வாங்கிய ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போனது. ஹவாயின் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுவதற்குச் சற்று முன்பே ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கிவிட்டது. 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, ரேடியோவில் செய்தி வந்தது. அந்த வியாழக்கிழமையே புது டயர் விற்பனையை அமெரிக்க அரசு நிறுத்திவிட்டது. ஜனவரியில் டயருக்கு ரேஷன். டாக்டர், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி என்று அவசியமானவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். சர்க்கரைக்கு ரேஷன் வந்ததே மே மாதத்தில்தான். அவர்களுக்கு டயர் அவ்வளவு முக்கியம். கார் இல்லாமல் வேலைக்கோ கடைக்கோ போக முடியாத ஊர்கள் அங்கே ஏராளம்.

பெட்ரோல் ரேஷனைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கிழக்குக் கரையில் டேங்கர் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்ததால் தட்டுப்பாடு இருந்தது உண்மைதான். ஆனால் 1942 டிசம்பர் 1 முதல் நாடு முழுக்க ரேஷன் போட்டது முக்கியமாக ரப்பருக்காக. வண்டி ஓடாவிட்டால் டயர் தேயாது அல்லவா? கார் கண்ணாடியில், அவசியமில்லாத ஓட்டத்துக்கான 'ஏ' என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாரத்துக்கு மூன்று நான்கு கேலன்தான். வேகமும் மணிக்கு 35 மைலுக்கு மேல் கூடாது. காரில் தனியாகப் போகிறவரின் பக்கத்து இருக்கையில் ஹிட்லரின் உருவம் உட்கார்ந்திருப்பது போல ஒரு சுவரொட்டியே அடித்தார்கள்.

என் மனதில் நிற்பது 1942 ஜூன் மாதம். வீட்டில் கிடக்கும் பழைய ரப்பரைக் கொடுங்கள் என்று அதிபர் ரூஸ்வெல்ட் ரேடியோவில் கேட்டார். பெட்ரோல் பங்க்கில் கொண்டுபோய்ப் போட்டால் பவுண்டுக்கு ஒரு சென்ட். தேய்ந்த டயர், தோட்டத்துக் குழாய், மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு, குளிக்கும்போது போடும் தொப்பி எல்லாம் பங்க் வாசலில் மலையாய்க் குவிந்தன. இரண்டு வாரம் என்றிருந்ததை நீட்டித்து, சுமார் 4,50,000 டன் சேர்த்தார்கள்.

சரி, அந்தப் போர்க்காலத்தில் உங்கள் தாத்தாவின் பக்கம்? வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் முடங்கின. கூலியும் அரிசியும் இல்லாமல் நின்ற தமிழர்களைத்தான் ஜப்பானியர் ஆயிரக்கணக்கில் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். ஆசை காட்டிக் கூட்டிப்போனவர்களும் உண்டு, பிடித்துப் போனவர்களும் உண்டு. பலர் திரும்பவே இல்லை. இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. உங்கள் தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார், அவரோடு இருந்தவர்கள் யாராவது சயாமுக்குப் போனார்களா என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.