வீட்டு ரவுட்டரில் கேட்காமல் ஓடும் இரண்டாவது வைஃபை: அணைக்க உரிமை உண்டா?

கேள்வி: இணைய சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டரைத்தான் வீட்டில் பயன்படுத்துகிறோம். மாதக் கட்டணத்தோடு அதற்கும் வாடகை கட்டுகிறேன். கொஞ்ச நாளாக எங்கள் வைஃபை பெயருக்குக் கீழே நிறுவனத்தின் பெயரில் இன்னொரு வைஃபையும் முழு சிக்னலோடு தெரிகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், "அது எங்கள் மற்ற வாடிக்கையாளர்களுக்கான ஹாட்ஸ்பாட், உங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை" என்கிறார்கள். நான் சம்மதித்ததாக நினைவே இல்லை. ஒருமுறை அணைத்தேன், மறுபடி வந்துவிட்டது. இதை நிரந்தரமாக நிறுத்த எனக்குச் சட்டப்படி உரிமை உண்டா? நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியதாக ஆகுமா? யாராவது அதில் நுழைந்து தப்புக் காரியம் செய்தால் போலீஸ் என்னைத் தேடி வருமா?

பதில்: நிறுத்தச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நிறுவனமே வைத்திருக்கும் வழியில் அதை அணைத்தால் அது ஒப்பந்த மீறல் ஆகாது. ஆனால் இதுவரை நீங்கள் செய்ததெல்லாம் செட்டிங்கை மாற்றியதும் போனில் பேசியதும்தான். இரண்டுக்கும் உங்கள் கையில் ஒரு சான்றும் இல்லை. 'எனக்கு இது வேண்டாம்' என்று எழுத்தில் கொடுத்து, அதற்குப் பதில் வாங்கி வைத்தால்தான் நாளைக்கு எந்த மன்றத்திலும் உங்கள் பேச்சு நிற்கும். இந்தப் பதிலில் நான் வலியுறுத்துவது இதைத்தான். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

சட்டத்துக்குப் போகும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். அந்த இரண்டாவது பெயர் உண்மையிலேயே உங்கள் ரவுட்டரிலிருந்துதான் வருகிறதா? ரவுட்டரின் மின் இணைப்பை எடுத்துவிட்டு ஓரிரு நிமிடம் காத்திருங்கள். பட்டியலிலிருந்து இரண்டு பெயரும் மறைந்தால் இரண்டும் உங்கள் பெட்டியுடையவை. ஒன்று மட்டும் மறைந்தால் மற்றது பக்கத்து வீட்டுடையதாக இருக்கலாம். அதை அணைக்கச் சொல்ல உங்களுக்கு வழி இல்லை.

உங்கள் பெட்டியிலிருந்தே வந்தாலும் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். பல ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளை இரண்டு பெயரில் காட்டும். அது இரண்டுமே உங்கள் வைஃபைதான், புகார் செய்ய அதில் ஒன்றும் இல்லை. கெஸ்ட் நெட்வொர்க் என்பது விருந்தினருக்காக நீங்களே வைத்துக்கொள்வது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்ற முகவரியில் அந்தப் பக்கம் திறக்கும், அதற்கான பாஸ்வேர்ட் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். மூன்றாவது வகைதான் நீங்கள் சொல்வது. நிறுவனம் தன் மற்ற வாடிக்கையாளர்களுக்காக உங்கள் பெட்டியிலிருந்து ஒலிபரப்பும் பொது ஹாட்ஸ்பாட். இதற்கான சுவிட்ச் பல நேரங்களில் ரவுட்டருக்குள் இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்குப் பக்கத்திலோ அவர்களுடைய ஆப்பிலோ இருக்கும். பெயரை மட்டும் மறைக்கும் வசதியைப் போட்டுவிட்டு அணைந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். பெயர் தெரியாது, நெட்வொர்க் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நீங்கள் அணைத்தும் அது திரும்பி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நிறுவனம் கொடுக்கும் ரவுட்டர்களைத் தொலைவிலிருந்தே நிர்வகிக்க டிஆர்-069 போன்ற நெறிமுறைகளைப் பயன்படுத்துகிறார்கள். மென்பொருள் புதுப்பிக்கும்போதோ ரீசெட் செய்யும்போதோ நிறுவனத்தின் பதிவில் உள்ள அமைப்பே பெட்டிக்குத் திரும்ப வந்து சேரும். ஆகவே மாற்றம் நடக்க வேண்டிய இடம் அவர்களிடம் இருக்கும் உங்கள் கணக்குப் பதிவு. எழுத்துப்பூர்வ மறுப்பு சட்டத்துக்கு மட்டுமல்லாமல் தொழில்நுட்பத்துக்கும் தேவைப்படுவது இதனால்தான்.

சரி, இப்போது சட்டம். முதலில் பார்க்க வேண்டியது பெட்டி யாருடையது என்பது. நீங்கள் சொந்தமாக வாங்கிய ரவுட்டர் என்றால் விவாதமே இல்லை. உங்கள் பொருளில் எது ஓட வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்வீர்கள். உங்களுடையது வாடகைப் பெட்டி. உடைமை நிறுவனத்துடையது, பயன்படுத்தும் உரிமை உங்களுடையது. வீட்டைக் குடித்தனத்துக்கு விட்ட பிறகு சொந்தக்காரர் நினைத்தபோது திண்ணையில் இன்னொருவரைக் குடிவைக்க முடியாது அல்லவா, அந்த மாதிரிதான் இதையும் பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அந்த வாதத்தில் நியாயம் தெரிகிறது. ஆனால் நீதிமன்றம் அதை அப்படியே ஏற்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

ஏனென்றால், கிட்டத்தட்ட உங்கள் பிரச்சினையே ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே யூனிட்டிமீடியா என்ற கேபிள் நிறுவனம், வாடிக்கையாளர்களுக்குத் தான் கொடுத்திருந்த ரவுட்டர்களில் இரண்டாவது வைஃபை சிக்னலைத் திறந்துவிடப்போவதாக அறிவித்தது. முன்கூட்டியே சம்மதம் கேட்கவில்லை, வேண்டாம் என்பவர்கள் மறுக்கலாம் என்றது. ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. கொலோன் நகரின் கீழ் நீதிமன்றம் நுகர்வோர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. கடைசியில் 2019 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: சம்மதம் வாங்காமலே திறந்துவிட்டது சட்டவிரோதம் அல்ல.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அந்தத் தீர்ப்பு எந்தக் காரணங்களின் மேல் நிற்கிறது என்று பாருங்கள். ரவுட்டர் நிறுவனத்தின் உடைமை. வாடிக்கையாளரின் இணைப்பு பாதிக்கப்படுவதாகவோ, கூடுதல் செலவோ, பாதுகாப்பு ஆபத்தோ, பொறுப்புச் சிக்கலோ வருவதாகவோ எந்த அறிகுறியும் அந்த வழக்கில் இல்லை. இதற்கெல்லாம் மேலாக, வாடிக்கையாளர் எந்த நேரத்திலும் மறுக்கலாம், மறுத்தால் சீக்கிரமே அது நிறைவேற்றப்படும் என்ற ஏற்பாடு இருந்தது. அப்படியானால், மறுத்த பிறகும் சிக்னலை மறுபடி திறந்துவிடும் நிறுவனம் இந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க முடியாது. ஜெர்மன் தீர்ப்பு மற்ற நாடுகளை எந்த விதத்திலும் கட்டுப்படுத்தாது. ஆனால் எங்கே வாதாடினாலும் கேட்கப்படப்போவது இதே கேள்விகள்தான். அமெரிக்காவிலும் 2014 டிசம்பரில் காம்காஸ்ட் நிறுவனத்தின் மேல் இதே மாதிரியான வீட்டு ஹாட்ஸ்பாட்டை எதிர்த்து வழக்கு தொடுக்கப்பட்டது. மின் செலவும் பாதுகாப்பும் அதில் முக்கியமான குறைகள்.

எனவே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 'பொது ஹாட்ஸ்பாட்', 'சமூக வைஃபை', 'உபகரணத்தின் பயன்பாடு' போன்ற தலைப்புகளில் தேடுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட பிறகு விதிமுறைகளை மாற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருப்பார்கள், அதையும் தேடுங்கள். அந்த மாதிரி ஒரு பத்தி இருந்தால் அதிலேயே விலகும் வழியும் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி எதுவுமே இல்லை என்றால் உங்கள் நிலை இன்னும் வலுவானது: ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு பயனை உங்கள் மின்சாரத்தில், உங்கள் வீட்டுக்குள்ளிருந்து அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து உங்கள் பயம். அது வீண் பயம் அல்ல. வீட்டு வைஃபையைச் சரியாகப் பூட்டாமல் விட்ட ஒருவர், அதன் வழியாக வேறு யாரோ உரிமையில்லாமல் ஒரு பாட்டைப் பகிர்ந்ததற்குப் பொறுப்பாவாரா என்ற கேள்வி 2010 மே மாதம் இதே ஜெர்மன் நீதிமன்றத்தில் வந்தது. நஷ்டஈடு தர வேண்டியதில்லை, ஆனால் மறுபடி நடக்காமல் தடுக்கும் கடமையும் பாட்டின் உரிமையாளர் தரப்பு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தின் செலவும் அவருடையவை என்றது நீதிமன்றம். பிறகு 2016 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தொழிலின் பகுதியாக இலவச வைஃபை திறந்து வைத்த கடைக்காரரிடம் மற்றவர் செய்த பதிப்புரிமை மீறலுக்காக நஷ்டஈடு கேட்க முடியாது, பாஸ்வேர்ட் வைக்கும்படி உத்தரவிடலாம் என்று தீர்ப்பளித்தது. 2017ல் ஜெர்மனியும் வைஃபை கொடுப்பவரின் பொறுப்பைக் குறைத்துச் சட்டத்தைத் திருத்தியது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு அனுகூலம் உண்டு. அந்த ஹாட்ஸ்பாட்டை நடத்துவது நீங்கள் அல்ல, நிறுவனம். ஒழுங்காக அமைக்கப்பட்ட ஹாட்ஸ்பாட்டில் நுழைபவர் தன் கணக்கில் உள்நுழைய வேண்டும், அவருடைய போக்குவரத்து உங்கள் வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரிந்து, வேறு ஐபி முகவரியில் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வெளியே போகும். அப்படி இருந்தால் விசாரணை உங்கள் பெயருக்கு வந்து சேராது. அப்படித்தான் இருக்கிறதா? அதை நீங்கள் ஊகிக்க வேண்டாம். நிறுவனம் எழுத்தில் சொல்லட்டும். போனில் சொன்ன "ஒரு பாதிப்பும் இல்லை" என்ற வாக்கியத்தைக் கடிதத்தில் எழுதித் தரச் சொன்னால் அதன் எடை அவர்களுக்கும் தெரியும்.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"எனது வாடிக்கையாளர் எண் இது. எனது வீட்டில் உள்ள தங்கள் ரவுட்டரிலிருந்து இந்தப் பெயரில் ஒரு பொது வைஃபை ஒலிபரப்பாகிறது. இதற்கு நான் சம்மதிக்கவில்லை. முன்பு சம்மதித்ததாகத் தங்கள் பதிவில் இருந்தால் அதன் நகலை அனுப்பவும், அந்தச் சம்மதத்தை இக்கடிதம் மூலம் திரும்பப் பெறுகிறேன். பதினைந்து நாட்களுக்குள் இதை நிறுத்தி, மென்பொருள் புதுப்பித்தலுக்குப் பிறகும் திரும்ப வராதபடி என் கணக்கில் பதிவு செய்து, எழுத்துப்பூர்வமாக உறுதி செய்யவும். இதுவரை அந்த நெட்வொர்க் எனது ஐபி முகவரியிலிருந்து தனியாக இயங்கியதா, எனது இணைப்பின் வேகத்தில் பங்கெடுத்ததா, அதைப் பயன்படுத்தியவர்கள் பற்றிய பதிவுகள் யாரிடம் உள்ளன என்பதையும் தெரிவிக்கவும். இதை நிறுத்துவதால் எனது சேவையிலோ கட்டணத்திலோ மாற்றம் உண்டானால் அது எந்த நிபந்தனையின்படி என்றும் குறிப்பிடவும்."

கடைசி வரி முக்கியம். சில நிறுவனங்கள், விலகினால் நீங்களும் வெளியிடங்களில் அவர்களுடைய ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்த முடியாது என்று வைத்திருக்கின்றன. அது அவர்கள் விதிக்கக்கூடிய நிபந்தனைதான். ஆனால் வீட்டு இணைப்பின் வேகத்தைக் குறைப்பதோ அபராதம் போடுவதோ வேறு விஷயம். அதற்கு ஒப்பந்தத்தில் தெளிவான ஆதாரம் வேண்டும்.

மின்னஞ்சலில் அனுப்பினால் போதும், பதிவுத் தபால் என்றால் இன்னும் நல்லது. புகார் எண் கொடுத்தால் குறித்து வையுங்கள். வைஃபை பட்டியலைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அணைத்த அன்று ஒன்று, திரும்பி வந்த அன்று ஒன்று. மறுத்த பிறகும் திரும்பியது என்பதை நிரூபிக்க அந்த இரண்டு படங்களைவிட நல்ல சாட்சி கிடையாது.

செய்யக்கூடாதவையும் உண்டு. கோபத்தில் ஆன்டெனாவை உடைப்பது, பெட்டியைத் திறப்பது, வேறு மென்பொருளை ஏற்றுவது, நிறுவனம் பூட்டி வைத்திருக்கும் நிர்வாகக் கணக்குக்குள் இணையத்தில் கிடைத்த பாஸ்வேர்டை வைத்து நுழைவது, இதில் எதுவும் வேண்டாம். பொருள் அவர்களுடையது, சேதத்துக்குப் பணம் கேட்பார்கள். அனுமதியில்லாமல் கணினி அமைப்புக்குள் நுழைவது பல நாடுகளில் தனிக் குற்றம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆவது பிரிவில் அதற்கு இழப்பீடு வைத்திருக்கிறது, நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66ஆவது பிரிவின்படி தண்டனையும் உண்டு. பெட்டியில் ஒட்டியிருக்கும், உங்களுக்கென்று கொடுக்கப்பட்ட பாஸ்வேர்டில் நுழைந்து அங்கே இருக்கும் சுவிட்சை அணைப்பதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இணைப்பு வேறொருவர் பெயரில் இருந்தால், அதாவது வீட்டுக்காரர் பெயரிலோ உறவினர் பெயரிலோ, கடிதத்தில் அவரையே கையெழுத்திடச் சொல்லுங்கள். கணக்கு அவருடையது என்பதால் உங்கள் கடிதத்தை நிறுவனம் ஒதுக்கிவிடும்.

பதில் வராவிட்டால்? முதலில் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரி. அங்கும் நடக்காவிட்டால் நுகர்வோர் மன்றம் அல்லது, தனிநபர் புகாரை ஏற்கும் நாடுகளில், தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆணையம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு, நியாயமற்ற ஒப்பந்தம் என்ற இரண்டு வழியிலும் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். பெரிய நஷ்டஈட்டை எதிர்பார்க்காதீர்கள். ஒரு ரவுட்டரின் கூடுதல் மின் செலவு சொற்பம், அதை வைத்துப் பெரிய தொகை கேட்டால் உங்கள் நியாயமான கோரிக்கையும் வலுவிழக்கும். 'நிறுத்த வேண்டும், திரும்பத் திறக்கக் கூடாது, வழக்குச் செலவு வேண்டும்' என்று கேளுங்கள்.

இவ்வளவு அலைய முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது: சொந்த ரவுட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015ஆம் ஆண்டின் திறந்த இணைய ஒழுங்குமுறை, தனக்கு விருப்பமான சாதனத்தைப் பயன்படுத்தும் உரிமையை வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறது. மற்ற இடங்களில் நிறுவனத்தைக் கேட்டுப் பாருங்கள், பலர் அனுமதிக்கிறார்கள். அவர்களுடைய பெட்டி இருந்தே ஆக வேண்டும் என்றால் அதை பிரிட்ஜ் மோடில், அதாவது ரவுட்டர் வேலையைச் செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலையில், போடச் சொல்லி, அதற்குப் பின்னால் உங்கள் ரவுட்டரை வையுங்கள். பிரிட்ஜ் மோடில் போட்ட பிறகும் பொது வைஃபை ஓடுகிறதா என்று பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வாடகைப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால், கொடுத்த தேதியும் பெட்டியின் சீரியல் எண்ணும் எழுதிய ரசீதை வாங்குங்கள். அடுத்த மாத பில்லில் ரவுட்டர் வாடகை நின்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.