தாழையும் பாசியும்: வாசகர் கேள்வி பதில்

கரையில் ஒதுங்கும் கடல் தாழை (கடற்புல்) இலைகளில் வெள்ளைத் திட்டும் சிவப்பு நூலும் ஒட்டியிருக்கின்றன. இது நோயா?
(வாசகர், தொண்டி)

நோய் இல்லை, குடியிருப்பு. திட்டுகள் சுண்ணாம்பு படிந்த சிவப்புப்பாசி. உயிரோடு இருக்கும்போது இளஞ்சிவப்பு, செத்தால் வெள்ளை. நூல்கள் பெரும்பாலும் செராமியம், பாலிசைபோனியா வகைச் சிவப்புப்பாசிகள். வினிகர் ஒரு சொட்டு விட்டால் திட்டு நுரைக்கும். நத்தை போல் சுருண்ட வெள்ளைப் புள்ளியும் நுரைக்கும், ஆனால் அது புழுவின் கூடு. லென்ஸ் இல்லாமல் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

இலை அடியிலிருந்து வளர்வதால் நுனிதான் வயதானது. பாசியும் அங்கேதான் அடர்த்தி. இலை உதிர்ந்தால் அதன்மேல் இருப்பதும் போய்விடும். அதனால் சீக்கிரம் வளர்ந்து வித்து விடும் சின்னப் பாசிகளுக்கே இலை ஏற்ற இடம்.

மரிக்கொழுந்து (ஜெலிடியெல்லா), கட்டக்கோரை (சர்காசம்) ஆகிய கடற்பாசிகள் பாறையில் செழிக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் தாழைக்குள் ஏன் காணோம்?
(வாசகர், மண்டபம்)

பிடிப்புதான் காரணம். பாசிக்கு வேர் கிடையாது, பற்றிக்கொள்ளும் அடிப்பகுதி மட்டுமே. அதற்குக் கல்லோ செத்த பவளமோ வேண்டும். தாழை நிற்பதோ மணலில். தாழைக்கு நடுவே ஒரு கட்டக்கோரை நின்றால் அடியில் தடவிப் பாருங்கள், அநேகமாகக் கல் இருக்கும்.

மணலிலேயே ஊன்றும் பாசிகளும் உண்டு. ஹாலிமெடா தன் இழைகளால் மணலைக் கட்டி ஒரு உருண்டை ஆக்கி அதில் நிற்கும். கௌலர்பா கொடியாக ஓடி இடைவெளிகளைப் பிடிக்கும். தாழை நெருக்கமானால் நிழல் விழும், அந்த இடைவெளியும் குறையும். இது தவிர, அலையில் அறுந்து வரும் ஹிப்னியா, கிராசிலேரியா துண்டுகள் இலைகளுக்கிடையே சிக்கி, எதையும் பற்றாமலே வளரும்.

கல்லூரித் திட்டத்துக்கு இவற்றை எப்படிக் கணக்கெடுப்பது?
(மாணவி, ராமநாதபுரம்)

50 மீட்டர் கயிறு, 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டம். தொடக்கத்திலும் பிறகு 5 மீட்டருக்கு ஒருமுறையும் சட்டத்தை வைத்தால் ஒரு கயிற்றுக்கு 11 பதிவு. 25 மீட்டர் இடைவெளியில் மூன்று கயிறு போடுங்கள். இலைமேல் இருப்பது, மணலில் ஊன்றியது, சிக்கிய துண்டு என மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். 'பாசி 30 சதவீதம்' என்று மொத்தமாக எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒரு காற்றில் அடித்து வந்த குப்பையும் அதில் சேர்ந்துவிடும்.

இலைமேல் பாசிக்கு: பாதி இலைகளில், ஒவ்வொன்றிலும் 40 சதவீதப் பரப்பு மூடியிருந்தால், கணக்கு 20 சதவீதம். தாழையின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். மாதிரிக்கு இலையை மட்டும் கத்தரியுங்கள். கிழங்கோடு பிடுங்க வேண்டாம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா எல்லைக்குள் என்றால் முதலில் வனத்துறை அனுமதி.

இலைகளைப் பச்சை நூல்பாசி போர்வையாக மூடினால் தாழைக்கு ஆபத்தா?
(வாசகர், கோட்டைப்பட்டினம்)

ஆமாம், வெளிச்சம் மறையும். கழிவுநீரில் வரும் சத்துகளை நூல்பாசி நீரிலிருந்தே உறிஞ்சி வேகமாகப் பெருகும். இலையை மேய்ந்து துடைக்கும் சிறு நத்தைகளும் குறைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். கையால் வழித்து எடுப்பதில் பயனில்லை, கழிவு வரும் வாயை அடைக்க வேண்டும்.