இரண்டு வேளை பிபி மாத்திரையை ஒரே வேளையாக்கலாமா?

தம்பி, உங்கள் அப்பா விடிகாலை 3 மணிக்கே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவர், எனலாப்ரில் என்ற பிபி மாத்திரை 5 மி.கி. இரண்டு வேளை போடுகிறார், ராத்திரி மாத்திரையை அடிக்கடி விட்டுவிடுகிறார், பிபி 160/100 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்களாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். எனலாப்ரிலின் வேலை சிலருக்கு 24 மணி நேரமும் நிற்காது, கடைசி சில மணி நேரத்தில் பிபி ஏறிவிடும். டாக்டர் இரண்டாகப் பிரித்தது அதற்காக இருக்கலாம். மொத்தமாகப் போட்டால் பூ மூட்டையைத் தூக்கி நிமிரும்போது தலை சுற்றவும் கூடும்.

அவர் மறப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரே என்று பலர் வாயே திறப்பதில்லை. டாக்டரோ மருந்து போதவில்லை என்று நினைத்து டோஸைக் கூட்டிவிடுவார்! அம்லோடிபின், டெல்மிசார்டன் மாதிரி ஒரு வேளை மாத்திரைகள் ஒத்துவருமா என்று கேளுங்கள். அம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு வேளை தவறினாலும் பிபி சட்டென்று எகிறாது.

டாக்டர் ஒரு வேளை மாத்திரைக்கு மாற்றினால், காலையா இரவா என்று குழம்ப வேண்டாம். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2022-இல் வெளியான ‘டைம்’ (TIME) என்ற ஆய்வில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வியாபாரம் முடிந்து வந்து சாப்பிடும் நேரம்தான் அப்பாவுக்குத் தோது என்று எனக்குப் படுகிறது.

அப்புறம், பிபியை அன்றைய மாத்திரைக்கு முன்னால், ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்துப் பாருங்கள். மூட்டை இறக்கிய கையோடு பார்த்த அளவு கணக்கில் சேராது. நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ வந்தால் மாத்திரைக் கணக்கெல்லாம் அப்புறம், நேரே பெரியாஸ்பத்திரிதான்.